சம்பளத்தை யார் நிர்ணயிக்கிறார்கள்? ஐரோப்பாவில் வேலைக்கு நாடு தேர்ந்தெடுப்போருக்கு ஓர் ஒப்பீடு

டென்மார்க்கில் அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் கிடையாது. ஸ்வீடனிலும் ஆஸ்திரியாவிலும் இத்தாலியிலும் கிடையாது. இவற்றில் முதல் மூன்று நாடுகளில், சங்கத்தோடு கூட்டு ஒப்பந்தம் உள்ள ஓட்டலில் பாத்திரம் கழுவுபவருக்கும் ஒப்பந்தப்படியான ஊதியம், விடுமுறை, முன்னறிவிப்புக் காலம் எல்லாம் உண்டு. நான்காவது நாட்டிலோ, தனியார் காவலாளிகளுக்கான தேசிய ஒப்பந்தத்தின் ஊதியமே மணிக்கு 5 யூரோ அளவுக்கு இறங்கியிருந்தது. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு தொகை போதுமான ஊதியமாகிவிடாது என்று 2023 அக்டோபரில் இத்தாலியின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டிய நிலை வந்தது.

சட்டப் புத்தகத்தை மட்டும் திறந்து பார்த்தால் இந்த நான்கு நாடுகளும் ஒரே வரிசையில் நிற்கும். அங்கே போய் வேலை செய்கிறவருக்கு அவை நான்கு வேறு உலகங்கள். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிற நம்மவர்கள் பலரும் கேட்கும் முதல் கேள்வி, மாதம் எத்தனை யூரோ என்பது. அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று இருக்கிறது: அந்தத் தொகையை யார் நிர்ணயித்தார்கள், அது கைக்கு வராமல் போனால் நம் பக்கம் யார் நிற்பார்கள்? அந்தக் கேள்வியை வைத்துத்தான் இங்கே நாடுகளை ஒப்பிடுகிறேன். குளிர், மொழி, குடியுரிமை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் முக்கியமானவைதான். அவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். தொழிற்சங்கத்தையும் ஒப்பந்தத்தையும் பற்றி ஏஜெண்டுகள் வாய் திறப்பதில்லை.

முதலில் கூட்டு ஒப்பந்தம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டு ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு 12(3) ஒப்பந்தம் தெரியும். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த தொழில் தகராறு சட்டத்தின் அந்தப் பிரிவில், தொழிலாளர் துறை அதிகாரியின் முன்னிலையில் கையெழுத்தான உடன்பாடு அந்த ஆலையின் தொழிலாளர் அனைவரையும் கட்டுப்படுத்தியது. ஆனால் ஆலையின் மதில் சுவரைத் தாண்டி அது போனதில்லை. மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் ஒப்பந்தம் ஒரு தொழில்துறை முழுவதற்கும் போடப்படுகிறது. நாட்டின் ஓட்டல்கள் எல்லாவற்றுக்கும் ஒன்று, உலோகத் தொழிற்சாலைகள் எல்லாவற்றுக்கும் ஒன்று, துப்புரவு நிறுவனங்களுக்கு ஒன்று. எந்த வேலைக்கு எந்தப் படிநிலை, இரவுப் பணிக்கு எவ்வளவு கூடுதல், எத்தனை நாள் விடுமுறை என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த ஒப்பந்தத்தின் குடைக்குள் இருப்பதற்கும் வெளியே நிற்பதற்கும் உள்ள வித்தியாசம், பல சமயம் நாட்டுக்கு நாடு உள்ள வித்தியாசத்தைவிடப் பெரியது.

சங்கத்தின் பலத்தில் நிற்கும் நாடுகள்

டென்மார்க்கில் 1899இல் பெரும் கதவடைப்புக்குப் பிறகு முதலாளிகளும் சங்கங்களும் செய்துகொண்ட செப்டம்பர் உடன்பாடுதான் இன்றைய ஏற்பாட்டுக்கு அடித்தளம். ஸ்வீடனில் 1938இல் சால்ட்ஷேபாடன் என்ற ஊரில் அதே போன்ற உடன்பாடு கையெழுத்தானது. இரண்டிலும் சாரம் ஒன்றே: சம்பள விஷயத்தை நாங்கள் பேசி முடித்துக்கொள்கிறோம், அரசு ஒதுங்கி நிற்கட்டும். ஸ்வீடனில் ஏறத்தாழ பத்துக்கு ஒன்பது தொழிலாளர்கள் கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் வருகிறார்கள். பத்துக்கு ஏழு பேர் அளவில் சங்க உறுப்பினர்கள்.

இந்த ஏற்பாட்டின் பல், ஆதரவு வேலைநிறுத்தம். 1981இல் டென்மார்க்கில் கடை திறந்த மெக்டொனால்ட்ஸ், ஒப்பந்தத்தில் சேராமல் பல ஆண்டுகள் இழுத்தடித்தது. 1980களின் இறுதியில் துறைமுகத் தொழிலாளர்கள் அதன் சரக்கை இறக்க மறுத்தார்கள். அச்சகங்கள், கட்டுமானம், உணவு விநியோகம் என்று மற்றத் துறைச் சங்கங்களும் சேர்ந்துகொண்டன. 1989இல் நிறுவனம் ஒப்பந்தத்துக்குள் வந்தது. அதே காட்சி இப்போது ஸ்வீடனில் நடக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுக்கும் டெஸ்லாவுக்கு எதிராக ஐ.எஃப். மெட்டால் சங்கம் 2023 அக்டோபர் 27 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. தபால் ஊழியர்கள் அந்தக் கார்களுக்கான நம்பர் பிளேட்டுகளை விநியோகிக்க மறுத்தார்கள், துறைமுகத்தார் கார்களை இறக்க மறுத்தார்கள், டென்மார்க், நார்வே சங்கங்களும் துணைக்கு வந்தன. இரண்டு ஆண்டுகளைத் தாண்டியும் நிறுவனம் இறங்கிவரவில்லை. சங்கமும் விடவில்லை. எத்தனை பெரிய நிறுவனமாக இருந்தாலும் கையெழுத்துப் போடாமல் நிம்மதியாக வியாபாரம் செய்ய முடியாது என்பதுதான் அங்கே தொழிலாளிக்கு இருக்கும் பாதுகாப்பு.

இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் குறைந்தபட்ச ஊதிய ஆணையைக் கொண்டுவந்தபோது, அதை எதிர்த்து டென்மார்க் வழக்குப் போட்டது, ஸ்வீடன் துணை நின்றது. ஏழைத் தொழிலாளிக்கு நல்லது செய்யும் ஆணையைச் சங்கங்களே ஏன் எதிர்க்கின்றன என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் குழப்பமாக இருக்கும். ஊதியத்தில் அரசு ஒருமுறை கை வைத்துவிட்டால், அடுத்த அரசு அதே கையால் அதைக் குறைக்கவும் செய்யும் என்பது அவர்களுடைய அச்சம். 2025 நவம்பர் 11 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் ஆணையின் பெரும்பகுதியைச் செல்லும் என்று சொல்லி, ஊதியத்தை எப்படிக் கணக்கிட வேண்டும் என்று நாடுகளுக்குக் கட்டளையிட்ட பகுதிகளை மட்டும் நீக்கியது.

இனி, அங்கே போகும் நமக்கு இதில் என்ன? சங்கத்தில் சேராமல் இந்த நாடுகளில் வேலை செய்வது பெரிய தவறு என்றே சொல்வேன். சந்தாவை வீண் செலவாக நினைத்து மிச்சம் பிடிப்பவர்கள் நம்மவர்களில் இருக்கிறார்கள். முந்தைய சம்பளத்தை ஒட்டிய வேலையில்லாக் கால உதவித்தொகை அங்கே அரசுப் பணமாகத் தானே வந்துவிடுவதில்லை. அதற்கென்று, பெரும்பாலும் சங்கங்களோடு இணைந்து இயங்கும் நிதியில் விரும்பிச் சேர்ந்து சந்தா கட்டி வந்திருக்க வேண்டும். டென்மார்க்கில் முந்தைய சம்பளத்தின் 90 சதவீதம் வரை, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, இரண்டு ஆண்டுகள் வரை கிடைக்கும். அந்த உறுதியை நம்பித்தான் அந்நாட்டுச் சமூகம் எளிதான வேலைநீக்கத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

ஆனால் வேலை அனுமதியில் வந்தவருக்கு இந்தப் பேரத்தின் ஒரு பாதிதான் முழுசாகக் கிடைக்கிறது. வேலைநீக்கம் எளிது என்பது அவருக்கும் பொருந்தும். வேலை போனபின் இரண்டு ஆண்டுகள் நிதானமாகத் தேடலாம் என்பது, அனுமதி அந்த வேலையோடு கட்டப்பட்டிருக்கும்போது பொருந்தாது. வசிப்புக்கும் வேலைக்கும் சேர்த்துத் தரும் ஒற்றை அனுமதி பற்றி 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் திருத்திய ஆணை, வேலை இழந்தவர் வேறு வேலை தேடக் குறைந்தது 3 மாதம் தரவேண்டும் என்கிறது. டென்மார்க் அதில் சேரவில்லை. நிரந்தர வசிப்புரிமை கைக்கு வரும்வரை டென்மார்க்கின் புகழ்பெற்ற பாதுகாப்பை முழுதாக நம்பி வீட்டுக்கடன் வாங்காதீர்கள்.

ஸ்வீடனைப் பற்றி இன்னொன்று. துப்புரவுப் பணியாளருக்கும் பொறியாளருக்கும் இடையிலான சம்பள இடைவெளி அங்கே குறைவு. அது தற்செயலாக வந்ததல்ல, 1950களிலிருந்து சங்கங்கள் திட்டமிட்டு உருவாக்கியது. 1997 முதல் ஏற்றுமதித் தொழில்துறையின் ஒப்பந்தம் முதலில் முடிவாகி, அதன் உயர்வு விகிதத்தை மற்றத் துறைகள் பின்பற்றுகின்றன. கீழ்ப்படியில் சேருபவருக்கு இது வரம். மென்பொருள் பொறியாளருக்கு, சேமிப்புதான் குறிக்கோள் என்றால், சூரிக்கோ மியூனிக்கோ கூடுதலாகத் தரும்.

சங்கம் சிறிது, சட்டம் பெரிது: பிரான்ஸ்

பிரான்சில் சங்க உறுப்பினர்கள் பத்துக்கு ஒருவர்தான். ஆனால் ஒப்பந்தத்தின் கீழ் வருபவர்கள் நூற்றுக்கு 98 பேர் அளவில். ஒரு துறையில் சங்கங்களும் முதலாளிகளும் போட்ட ஒப்பந்தத்தை, தொழிலாளர் அமைச்சகம் ஆணை பிறப்பித்து அத்துறை முழுவதற்கும் நீட்டிக்கிறது. அதனால் எந்தச் சங்கத்திலும் இல்லாத முதலாளியும் தப்ப முடியாது. உங்கள் சம்பளச் சீட்டிலேயே எந்த ஒப்பந்தம் பொருந்தும் என்று அச்சிட்டிருக்க வேண்டும். அந்த வரியைப் படிக்கத் தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

எஸ்.எம்.ஐ.சி. எனப்படும் குறைந்தபட்ச ஊதியம் 2024 நவம்பரில் மணிக்கு 11.88 யூரோ. அதன் தனிச்சிறப்பு, விலைவாசி 2 சதவீதத்தைத் தாண்டினால் ஆண்டு நடுவிலேயே தானாக உயரும் என்பது. 2022, 2023 விலையேற்றத்தில் பிரான்சின் அடித்தட்டுத் தொழிலாளியை இதுதான் காப்பாற்றியது. அதே நேரம் மேலே உள்ள படிகள் அந்த வேகத்தில் உயரவில்லை. 2023 தொடக்கத்தில் தனியார் துறையில் ஏறத்தாழ 17 சதவீதத்தினர் குறைந்தபட்ச ஊதியத்திலேயே வந்து நின்றார்கள். பத்து ஆண்டு அனுபவமுள்ள சமையற்காரரும் நேற்றுச் சேர்ந்தவரும் ஒரே தொகை வாங்குவது அங்கே அபூர்வமல்ல. பிரான்ஸ் அடித்தளத்தை உறுதியாகக் கட்டியிருக்கிறது, மாடிப்படிகளைச் செங்குத்தாக விட்டுவிட்டது.

பாரிஸ் உணவகங்களின் சமையற்கட்டுகளில் ஈழத் தமிழர்கள் 1980களிலிருந்து உழைத்து வருகிறார்கள். அவர்களுக்கு வாரம் 35 மணி நேரம் என்ற சட்டம் செய்தித்தாளில் படிக்கும் செய்தியாகவே இருந்திருக்கிறது. ஓட்டல், உணவகத் துறை ஒப்பந்தத்தில் வாரம் 39 மணி நேரம் வழக்கம். 36ஆம் மணியிலிருந்து 39 வரை 10 சதவீதம்தான் கூடுதல், பொதுவான விதி சொல்வது 25 சதவீதம். இது ஒப்பந்தம் அனுமதித்த குறைவு. அதற்கு மேல் பதிவே செய்யாமல் வாங்கப்படும் மணி நேரங்கள் வேறு. அந்த மணிகளை மீட்க ஓர் இடம் உண்டு. நெப்போலியன் காலத்தில், 1806இல் லியோன் நகரில் தொடங்கிய தொழில் தகராறு மன்றங்கள், தொழிலாளர் தரப்பும் முதலாளி தரப்பும் சம எண்ணிக்கையில் நீதிபதிகளாக அமர்ந்து இன்றும் வழக்குகளைக் கேட்கின்றன. வராத சம்பளத்துக்கு 3 ஆண்டுகள் வரை வழக்குப் போடலாம்.

பலரும் கவனிக்காத ஆஸ்திரியா

என் கணிப்பில், முதல்முறை ஐரோப்பா போகும் சாதாரணத் தொழிலாளிக்கு அதிகம் உகந்த நாடு ஆஸ்திரியா. ஏஜெண்டுகளின் பேச்சில் அது கடைசியில்தான் வரும், வந்தால்.

அங்கே முதலாளிகள் எல்லோரும் வணிகச் சபையில் கட்டாய உறுப்பினர்கள். சபை கையெழுத்திட்டால் எல்லோருக்கும் பொருந்தும். எனவே கூட்டு ஒப்பந்தம் ஏறத்தாழ 98 சதவீதத்தினரைச் சென்று சேர்கிறது. மறுபக்கம், தொழிலாளர்களும் தொழிலாளர் சபையில் தாமாகவே உறுப்பினர்கள். 1920இல் தொடங்கப்பட்ட அந்தச் சபைக்குச் சம்பளத்தில் 0.5 சதவீதம் பிடித்தமாகப் போகிறது. அதற்குப் பதிலாக இலவசச் சட்ட ஆலோசனை, தேவைப்பட்டால் நீதிமன்றத்தில் வழக்கறிஞர். சங்கத்தில் சேர வேண்டுமா, சேர்ந்தால் முதலாளி கோபிப்பாரா என்ற தயக்கமே எழாத இடம் இது. புதிதாக வந்த, மொழி சரியாகத் தெரியாத ஒருவருக்கு இதன் மதிப்பு என்ன என்பதை வேறு நாட்டில் ஒருமுறை சம்பளம் பிடித்துவைக்கப்பட்டவரிடம் கேட்டால் சொல்வார்.

2011 முதல் வேலை விளம்பரத்திலேயே குறைந்தபட்சச் சம்பளத்தைப் போட வேண்டும் என்பது அங்கே சட்டம். பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஆண்டுக்கு 14 சம்பளம் தருகின்றன. விடுமுறைக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று, இரண்டுக்கும் வரி குறைவு. ஆகவே வியன்னாவின் மாதச் சம்பளத்தை பெர்லினோடு ஒப்பிடும்போது 12ஆல் பெருக்காதீர்கள், 14ஆல் பெருக்குங்கள். இதை மறந்து நல்ல வேலையைத் தட்டிக்கழிப்பவர்கள் உண்டு.

குறைகளும் இருக்கின்றன. காரணம் சொல்லாமலே முன்னறிவிப்பு கொடுத்து வேலையிலிருந்து அனுப்ப முடியும். 2018 முதல் நாளுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்கச் சட்டம் இடம் தருகிறது. ஆல்ப்ஸ் மலை ஓட்டல்களில் பருவகால வேலைக்குப் போகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். பெண்களின் நிலை பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

ஜெர்மனிக்குள் இரண்டு ஜெர்மனிகள்

தமிழ்நாட்டிலிருந்து செவிலியர்களும் பொறியாளர்களும் இன்று அதிகம் பார்ப்பது ஜெர்மனியைத்தான். அதனால் இதில் சற்று நின்று பார்க்க வேண்டும்.

கூட்டு ஒப்பந்தத்துக்குள் இருக்கும் ஜெர்மனி ஒன்று. உலோகத் தொழிலாளர் சங்கமான ஐ.ஜி. மெட்டால் 1984இல் பல வாரங்கள் வேலைநிறுத்தம் செய்து தொடங்கிய போராட்டம், 1995இல் மேற்கு ஜெர்மன் உலோகத் துறையில் வாரம் 35 மணி நேரத்தைக் கொண்டுவந்தது. சட்டம் கேட்பது ஆண்டுக்கு 20 வேலைநாள் விடுமுறை, ஒப்பந்தங்களில் வழக்கம் 30 நாள். 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களில் 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு. ஐந்து பேர் வேலை செய்யும் இடத்திலேயே ஊழியர் மன்றத்தைத் தேர்ந்தெடுக்க உரிமை உண்டு. வேலை நேர அட்டவணையையும் ஓவர்டைமையும் அந்த மன்றத்தின் சம்மதமில்லாமல் மாற்ற முடியாது. எந்த வேலைநீக்கத்துக்கும் முன்பு மன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் நீக்கமே செல்லாது.

வெளியே நிற்கும் ஜெர்மனி இன்னொன்று. 1990களில் முக்கால் பங்குத் தொழிலாளர்களை எட்டிய கூட்டு ஒப்பந்தம் இன்று ஏறத்தாழ பாதிப் பேரைத்தான் எட்டுகிறது. தகுதியுள்ள நிறுவனங்களில் பத்தில் ஒன்றில்கூட ஊழியர் மன்றம் இல்லை. பெரிய நிறுவனங்களில் இருப்பதால்தான் மொத்தத் தொழிலாளரில் கணிசமானவர்களுக்கு அதன் பயன் கிடைக்கிறது. இந்தச் சரிவினால்தான் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியமே தேவைப்பட்டது. 2015 ஜனவரியில் மணிக்கு 8.50 யூரோவில் தொடங்கியது, 2025இல் 12.82, 2026 ஜனவரியில் 13.90. பெர்லினில் ஒரு சிறிய ஸ்டார்ட்அப்பில் சேரும் பொறியாளர் பத்துப் பேருக்குமேல் இல்லாத நிறுவனத்தில் இருந்தால், வேலைநீக்கப் பாதுகாப்புச் சட்டமே அவருக்குப் பொருந்தாது. ஸ்டுட்கார்ட்டின் கார் தொழிற்சாலையில் சேருபவருக்கு, முதல் ஆறு மாதம் முடிந்ததும், மேலே சொன்ன அத்தனையும் பொருந்தும். இருவரும் ஜெர்மனியில்தான் இருக்கிறார்கள்.

ஒப்பந்தத்துக்கு வெளியே துணைக் குத்தகை என்ற இன்னும் ஆழமான பள்ளம் இருக்கிறது. 2020 ஜூனில் ரேடா-வீடன்ப்ரூக் என்ற ஊரின் பெரிய இறைச்சி ஆலையில் சுமார் 1,500 தொழிலாளர்களுக்குக் கொரோனா தொற்றியபோதுதான், ருமேனியா, பல்கேரியா நாட்டவர் துணைக் குத்தகையில் நெருக்கடியான விடுதிகளில் தங்கி உழைத்தது நாட்டுக்கே தெரிந்த செய்தியானது. சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தது அது. 2021 ஜனவரி முதல் இறைச்சித் துறையின் மையப் பணிகளில் துணைக் குத்தகை தடை செய்யப்பட்டது. கட்டுமானத்திலும் பார்சல் விநியோகத்திலும் அது தொடர்கிறது.

2023 வசந்தத்தில் ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான் நாட்டு லாரி ஓட்டுநர்கள் கிரேஃபன்ஹவுசன் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் லாரிகளை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஓட்டியது ஜெர்மன் சாலைகளில், முதலாளி போலந்து நிறுவனம், பல மாதச் சம்பளம் பாக்கி. ஆறு வாரம் நகராமல் இருந்து பாக்கியை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். எந்தச் சங்கத்திலும் உறுப்பினராக இல்லாத அவர்களுக்கு ஜெர்மன், டச்சு சங்கத்தினர் சாப்பாடும் மொழிபெயர்ப்பும் சட்ட உதவியும் கொடுத்தார்கள். இன்று போலந்து வேலை என்று சொல்லி லாரி ஓட்டவும் கிடங்கில் வேலை செய்யவும் இந்தியாவில் ஆள் எடுப்பவர்கள் நிறைய. உங்கள் ஒப்பந்தம் எந்த நாட்டு நிறுவனத்தோடு, உழைப்பு எந்த நாட்டு மண்ணில் என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். வேறு நாட்டுக்கு அனுப்பப்பட்டு வேலை செய்பவருக்கு அந்த இடத்தின் ஊதியமே தரப்பட வேண்டும் என்று 2018இல் திருத்தப்பட்ட ஐரோப்பிய விதி சொல்கிறது.

செவிலியர்களுக்கு: முதியோர் பராமரிப்பு இல்லங்களில் தகுதிபெற்ற செவிலியருக்கு 2025 ஜூலை முதல் மணிக்கு 20.50 யூரோவுக்குக் குறையக் கூடாது. உங்கள் சான்றிதழ் அங்கீகாரம் பெறும்வரை உதவியாளர் படிநிலையில்தான் வைப்பார்கள். அந்தக் காலம் எத்தனை மாதம் என்பதில்தான் உண்மையான இழப்பு இருக்கிறது. நகராட்சி, பல்கலைக்கழக மருத்துவமனைகள் பொதுத்துறை ஒப்பந்தத்தில் இருப்பவை. தனியார் இல்லம் கொஞ்சம் கூடுதல் தருவதாகச் சொன்னாலும் பொதுத்துறை மருத்துவமனையையே பரிந்துரைப்பேன். மொழிப்பயிற்சிச் செலவைக் காரணம் காட்டி, இத்தனை ஆண்டுக்குள் விலகினால் பல்லாயிரம் யூரோ திருப்பித்தர வேண்டும் என்ற பிரிவு ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கையெழுத்துக்கு முன் யாரிடமாவது காட்டுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கென்றே ஃபயர் இன்டக்ராட்சியோன் என்ற இலவச ஆலோசனை மையங்கள் ஜெர்மனியில் செயல்படுகின்றன.

இடைவெளி எண்களைப் படிக்கும் முறை

பெண்களுக்கு ஒரு நாட்டைத் தேர்ந்தெடுக்க ஊதிய இடைவெளிப் பட்டியலை எடுத்துப் பார்ப்பவர்கள் ஏமாந்துபோகக் கூடும். 2023ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கணக்கில் மணி நேர ஊதியத்தில் ஆண், பெண் இடைவெளி ஒன்றியச் சராசரியாக 12 சதவீதம். ஆஸ்திரியாவில் 18.3, ஜெர்மனியில் 17.6. இத்தாலியில் 5க்கும் கீழ். அப்படியானால் இத்தாலி பெண்களின் சொர்க்கமா? அங்கே வேலை செய்யும் வயதுப் பெண்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள்தான் வேலையில் இருக்கிறார்கள். குறைந்த சம்பளத்துக்குப் போகக்கூடியவர்கள் வீட்டிலேயே நின்றுவிடுவதால் அவர்கள் கணக்கிலேயே வருவதில்லை. கணக்கில் வராத பெண்ணுக்கு இடைவெளி பூஜ்யம்.

இந்த விஷயத்தில் பெல்ஜியத்தின் எண்ணைத்தான் நான் மதிக்கிறேன். இடைவெளி 1 சதவீதத்துக்கும் கீழே. ஏறத்தாழ எல்லாச் சம்பளங்களும் விலைவாசியோடு தானாக உயருகின்றன. முதலாளிகளும் சங்கங்களும் சேர்ந்து சம்பளம் பேசும் கூட்டுக் குழுக்களில், அலுவலகப் பணியாளர்களின் பெரிய குழு ஒன்றில் 2023 ஜனவரியில் ஒரே அடியாக 11.08 சதவீதம் உயர்ந்தது. பேரம் பேசத் தயங்குபவர், பிள்ளைப்பேற்றுக்காக ஆண்டு நடுவில் விலகி நின்றவர் எல்லோருக்கும் ஒரே விகிதம். தனித்தனியாக முதலாளியின் அறைக்குப் போய்ப் பேசிச் சம்பளம் உயர்த்திக்கொள்ள வேண்டிய இடங்களில் பெண்களும் புலம்பெயர்ந்தவர்களும் பின்தங்குவதை வைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

டென்மார்க்கிலும் ஒரு பழைய காயம் இருக்கிறது. 1969இல் அரசு ஊழியர்களின் சம்பளப் படிநிலைகளை வகுத்தபோது, செவிலியர்களையும் மழலையர் பள்ளிப் பணியாளர்களையும் கீழ்ப்படியில் வைத்தார்கள். பெண்கள் செய்யும் வேலை குடும்ப வருமானத்துக்குத் துணை வருமானம் என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. ஆண்டுதோறும் எல்லோருக்கும் ஒரே விகித உயர்வு என்றால் பழைய இடைவெளியும் அப்படியே கூடவே நடந்துவரும். 2021 ஜூனில் செவிலியர்கள் இதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். பத்து வாரம் கழித்து, அவர்கள் இரண்டு முறை நிராகரித்த உடன்பாட்டையே ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமாக்கி வேலைநிறுத்தத்தை முடித்துவைத்தது. அரசு ஒதுங்கி நிற்கும் என்று பெயரெடுத்த நாடு அது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது.

எது, யாருக்கு?

இத்தாலியின் விவசாய வேலைக்கும் பருவகால விசாவுக்கும், பொறுப்பான உறவினர் அங்கேயே இல்லாவிட்டால், போக வேண்டாம் என்பேன். சட்டம் இல்லாத குறை அல்ல. கங்காணி முறையைத் தண்டிக்கும் சட்டம் 2016லேயே வந்துவிட்டது. ஆனாலும் 2024 ஜூனில் லத்தீனா பகுதியில் பஞ்சாப்காரர் ஒருவர், பண்ணை இயந்திரத்தில் கை துண்டான நிலையில் வீட்டு வாசலில் விடப்பட்டு, பிறகு மருத்துவமனையில் இறந்தார். சட்டத்துக்கும் அந்தத் தோட்டத்துக்கும் நடுவில் ஆய்வாளரோ சங்கமோ இல்லை.

சுவிட்சர்லாந்தின் உணவகத் துறைக்கு நாடு தழுவிய கூட்டு ஒப்பந்தம் இருக்கிறது. வாரம் 42 மணி நேரம், ஐந்து வார விடுமுறை, பதின்மூன்றாம் சம்பளம். அங்கே வேரூன்றிய ஈழத் தமிழர் பலர் அதன் கீழ் உழைத்து முன்னேறியவர்கள். ஆனால் இன்று வெளியிலிருந்து புதிதாக அந்த வேலைக்கு அனுமதி கிடைப்பது மிகக் கடினம். பிரிட்டன் 2025 ஜூலையில் பராமரிப்புப் பணியாளர் விசாவுக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டது. அந்த விசாவுக்கென்று இன்னும் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் மோசடிக்காரர்.

சமையல், ஓட்டல், பராமரிப்பு, தொழிற்சாலை உதவி வேலைகளுக்கு ஆஸ்திரியா முதலிடம், அடுத்து பிரான்ஸ். செவிலியருக்கு ஜெர்மனியின் பொதுத்துறை மருத்துவமனை. பொறியாளருக்கு, கூட்டு ஒப்பந்தத்தில் உள்ள ஜெர்மன் ஆலை. குழந்தை வளர்ப்பு முக்கியமென்றால் ஸ்வீடன், ஒரு குழந்தைக்குப் பெற்றோருக்கு 480 நாள் விடுப்பு. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பத்துக்குப் பெல்ஜியம் நம்மவர் பார்க்கத் தவறும் நல்ல தேர்வு.

நேர்காணலுக்கு முன் கேட்கும் கேள்விகளுக்கு இப்போது சட்டபலம் கூடியிருக்கிறது. 2023இன் ஊதிய வெளிப்படைத்தன்மை ஆணையை ஒன்றிய நாடுகள் 2026 ஜூன் 7க்குள் தம் சட்டமாக்க வேண்டும். அதன்படி, அந்தப் பதவிக்கான சம்பள வரம்பை முதலாளி முன்கூட்டியே சொல்ல வேண்டும், பழைய இடத்தில் என்ன வாங்கினீர்கள் என்று கேட்கக் கூடாது. சென்னையில் வாங்கிய சம்பளத்தை வைத்து மியூனிக் சம்பளத்தைக் கணக்கிடும் பழக்கத்துக்கு இது நேரடி அடி. கூடவே மூன்று கேள்விகள்: எந்தக் கூட்டு ஒப்பந்தம் பொருந்தும், என்னை எந்தப் படிநிலையில் வைக்கிறீர்கள், ஊழியர் மன்றம் இருக்கிறதா. மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்குங்கள்.

சேர்ந்த பிறகு தேதிகளைக் கவனியுங்கள். பிரான்சில் பாக்கிச் சம்பளத்துக்கு 3 ஆண்டு அவகாசம் இருப்பதைச் சொன்னேன். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பல ஒப்பந்தங்கள் 3 மாதம்தான் தருகின்றன. அதற்குள் எழுத்தில் கேட்காவிட்டால் ஓவர்டைம் பணம் போனதுதான். ஜெர்மனியில் வேலைநீக்கக் கடிதம் வந்தால் அதை எதிர்த்துத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போக 3 வாரமே அவகாசம். கடிதம் வந்த அன்றே, ஊருக்குப் போன் செய்வதற்கு முன்பு, ஊழியர் மன்றத்தின் அல்லது சங்க அலுவலகத்தின் கதவைத் தட்டுங்கள்.